வலப்பக்கத்துக் குரல்கள்

சிமியோனின் கொம்பியூட்டரில் வலப்பக்கச் சத்தம் நின்றுபோனது தவக்காலத்தின் இரண்டாம் கிழமை. அப்படித்தான் அவன் எல்லோருக்கும் சொன்னான். குருநகரில் ஒரு பொருள் வேலைசெய்யாமல் விட்டால் காரணம் தேடி எவரும் மினைக்கெடுவதில்லை. கடலிலிருந்து நாலாவது வீடு அவனுடையது. வாசல் படலையின் இரும்புப் பிணைச்சல் மூன்று வருடத்தில் உதிர்ந்தது. மின்விசிறி, மகளின் சைக்கிள் மணி, சமையலறை யன்னலின் கொளுக்கி எல்லாம் அதே வழியில் போயின. ஆகவே கொம்பியூட்டர்ப் பெட்டியின் பின்பக்கத்தில், ஹெட்செட் வயரைக் குத்துகிற ஓட்டையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைக் கண்டதும் அவனுடைய விசாரணை முடிந்துவிட்டது. உப்பு.

அவனுக்கு நாற்பத்துமூன்று வயது. இருபத்திரண்டு வருடமாகக் கடலில் முங்கிச் சங்கும் கடலட்டையும் எடுத்தவன். கொம்பியூட்டர் அவனிடம் வந்தது மச்சான் ஒருவன் கனடாவுக்குப் போனபோது. மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாதென்று விட்டுவிட்டுப் போனான். மகளின் முதல் நன்மைச் சடங்கு வீடியோவில் பூசைச் சத்தத்தைவிடக் காகங்களின் சத்தம் கூடக் கேட்டதால், அதைத் திருத்துவதற்காகச் சிமியோன் ஒலி திருத்தும் வேலையைப் பழகினான். பிறகு சொந்தக்காரர்கள் தங்கள் வீடியோக்களையும் கொண்டுவந்தார்கள். அவனுடைய வேலையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரைச்சலைக் குறைப்பான், பேச்சைத் தெளிவாக்குவான், சொன்ன நாளில் கொடுப்பான். அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அது உண்மையாக இராது.

ஆனால் இந்த முறை வந்தது சொந்தக்காரர் வேலை அல்ல. உயிர்ப்புப் பெருநாளுக்கென்று கோயில் பாடகர் குழாம் எட்டுப் பாட்டுப் பழகியிருந்தது. அவற்றை ஒலிப்பதிவு செய்து ஒழுங்காக்கும் பொறுப்பை, குழாமை நடத்தும் அருமைநாயகி ரீச்சர் அவனிடம் கொடுத்திருந்தார். நல்லாக வந்தால் வேறு கோயில்காரருக்கும் சொல்வேன் என்றும் சொல்லியிருந்தார். சிமியோன் அன்று இரவே மனைவி றெஜினாவிடம் வாக்குக் கொடுத்தான். இந்த வேலை சரிவந்தால், உயிர்ப்பு ஞாயிறு கழிந்து கடலட்டைத் தொழில் தொடங்கும்போது அவன் காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கமாட்டான். றெஜினா வேறு எதையும் கேட்கவில்லை. அந்த வாக்கை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

முதற்தரமாக இரண்டு மைக் வைத்துப் பதிந்தான். அவர்களுடைய கோயிலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் இருப்பார்கள். பாட்டிலும் குரல்களை அவன் அப்படியே இருத்தினான். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். வேறு விதமாக இருத்தலாம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. ஹெட்செட்டைப் போட்டுக் கேட்டபோது ஆண்கள் கேட்டார்கள், பெண்களைக் காணவில்லை. பெண்களைக் கூட்டினான். அப்போதும் இல்லை. இன்னும் கூட்டினான். ஹெட்செட் அதிர்கிற அளவுக்கு வந்தபோது ஏதோ மெல்லியதாகக் கேட்பது போலிருந்தது. முதற்பாட்டை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து சனம் கலையும்போது ரீச்சர் அவனைக் கூப்பிட்டார்.

"சிமியோன், இஞ்சை வாரும். உந்தப் பாட்டை முழுக்கக் கேட்டனீரோ, இல்லாட்டிப் பாதியிலை நித்திரையாப் போனீரோ?"

"முழுக்கக் கேட்டனான் ரீச்சர்."

"அப்ப ஏன் எங்கடை பொம்பிளையள் மீன் சந்தையிலை நிண்டு கத்திற மாதிரிக் கிடக்கு? ஆம்பிளையள் கிணத்துக்குள்ளை விழுந்து கிடக்கினம். தூக்கிவிட ஆளில்லை."

"அவை கிடக்கட்டும் ரீச்சர். எங்களுக்கு அது நல்லாத்தான் இருக்கு" என்றாள் பின்னால் நின்ற பாடகி ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சவுண்ட் காட் பழுது ரீச்சர்" என்றான் சிமியோன். "வலப்பக்கம் கேக்குதில்லை. அதாலைதான் பொம்பிளையளைக் கூட்டிப் போட்டன். புதுக் காட் ஒண்டு வாங்கிப் போடுறன்."

"வாங்கும். ஆனா உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் எட்டும் என்ரை கையிலை வரவேணும். இல்லாட்டி ரவுணிலை ஸ்ரூடியோவிலை குடுத்துப்போடுவன். பேந்து மனத்தாங்கல் எண்டு வரக்கூடாது."

மறுநாள் அவன் ரவுணுக்குப் போனான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கொம்பியூட்டர்க் கடையில் துஷாந்தினி என்ற பெண் நின்றாள். சண்டிலிப்பாயில் புகையிலையும் மிளகாயும் வைக்கிற குடும்பத்துப் பிள்ளை. பழுதான பெட்டிகளைத் திறந்து பார்ப்பதில் கெட்டிக்காரி என்று பெயர்.

"என்ன அண்ணை பிரச்சினை?"

"வலப்பக்கம் செத்துப்போச்சுப் பிள்ளை. உப்பு."

"ஹெட்செட்டை மாத்திப் பாத்தியளோ?"

"பாத்தனான். தம்பியின்ரையைப் போட்டும் அதே கதைதான்."

அவள் கொம்பியூட்டருக்குச் சத்தம் தருகிற இரண்டு விதச் சவுண்ட் காட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று விரலளவு. யூஎஸ்பி ஓட்டையில் வெளியிலிருந்து குத்துவது. மற்றது பெட்டிக்குள்ளே பூட்டுகிற பச்சைப் பலகை. பெரிய வித்தியாசமில்லை, சின்னதே போதும் என்றாள்.

"உது வெளியிலை நீட்டிக்கொண்டெல்லோ நிக்கும்? எங்கடை காத்துக்கு ஒரு மாசம் தாங்காது. உள்ளுக்குப் போடுறதைத் தாங்கோ."

கடைக் கொம்பியூட்டரில் பூட்டிக் காட்டினாள். மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒரு வெள்ளைக்காரியின் குரல் "லெஃப்ட்" என்றது, பிறகு "றைட்" என்றது.

"ரெண்டும் வருதுதானே அண்ணை?"

"ஓம், ஓம்."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தான். காட்டை உடனே பூட்டவில்லை. படகு எஞ்சினின் பிளக்குக்கு உப்புப் பிடியாமல் கிறீஸ் பூசுவது அவர்களுடைய வழக்கம். இது நுணுக்கமான சாமான், கிறீஸ் ஊத்தை என்று யோசித்து, றெஜினாவின் வசலின் போத்தலை எடுத்து, பொன்னிறத் தகடுகளிலும் வயர் குத்துகிற ஓட்டைகளிலும் மெல்லிதாகப் பூசினான்.

"என்னப்பா, கொம்பியூட்டருக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறியளோ?" என்றாள் றெஜினா.

"நீ உன்ரை அலுவலைப் பார்."

பூட்டினான். ஹெட்செட்டைப் போட்டான். இடப்பக்கத்தில் ஆண்கள் திருத்தமாகப் பாடினார்கள். வலப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. கழற்றிப் பூட்டினான். வேறு ஓட்டையில் குத்தினான். பெட்டியை நிமிர்த்தி வைத்தான், படுக்க வைத்தான். ரவுணில் வேலைசெய்த சாமான் குருநகரில் வேலைசெய்யவில்லை. அவனுக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் பட்டது.

திங்கட்கிழமை காட்டை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். துஷாந்தினி வாங்கினாள். அது அவள் விரலில் வழுக்கியது.

"அண்ணை, இதிலை என்ன பூசினியள்?"

"வசலின்."

"வசலினோ? ஏன்?"

"உப்புப் பிடியாமல் இருக்க. எஞ்சின் பிளக்குக்குப் பூசுறேல்லையோ, அது மாதிரி."

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிக் கடைக்காரனைக் கூப்பிட்டாள். "கஜானன் அண்ணை, ஒருக்கா வாங்கோ. இஞ்சை சவுண்ட் காட்டுக்கு முகப்பூச்சு நடந்திருக்கு."

கடைக்காரன் வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "வொறண்டி இல்லையெண்டு சொல்லு!"

"என்ன வொறண்டி இல்லை?" சிமியோனுக்குச் சினம் ஏறியது. "பூச முதலே வேலைசெய்யாத காட்டைத் தந்துபோட்டு வொறண்டி இல்லையோ? பூசினபடியாலைதான் இவ்வளவெண்டாலும் கேக்குது."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை." அவள் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தகடுகளைத் துடைத்தாள். கடைக் கொம்பியூட்டரில் பூட்டினாள். ஸ்பீக்கரைப் போடப்போனாள்.

"ஸ்பீக்கரிலை விளங்காது. ஹெட்செட்டைத் தாங்கோ" என்றான் சிமியோன்.

கடையில் விற்பனைக்கிருந்த புதியதொன்றைக் கொடுத்தாள். வெள்ளைக்காரி "லெஃப்ட்" என்றாள். பிறகு திரையில் மற்றப் பக்கத்து விளக்கு எரிந்து அணைந்தது.

"பாத்தியளோ? வலம் இல்லை."

துஷாந்தினி அதை வாங்கித் தன் தலையில் போட்டாள். "ரெண்டும் வருது அண்ணை."

"வடிவாக் கேளுங்கோ பிள்ளை."

"வடிவாத்தான் கேக்கிறன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, ஹெட்செட்டை முன்பின்னாகத் திருப்பி, தானே அவன் தலையில் வைத்தாள்.

"இப்ப?"

இப்போது "றைட்" என்ற சொல் அவனுடைய இடக்காதில் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு "லெஃப்ட்" என்று வந்திருக்க வேண்டும். திரையில் அதற்குரிய விளக்கு எரிந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னான். இன்னொரு முறையும் போட்டாள்.

"காட்டிலை பழுதில்லை" என்றான் கடைசியில்.

"இல்லை அண்ணை." பிறகு குரலைத் தணித்தாள். "ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

அவன் காட்டைத் திரும்ப ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். உள்ளேயிருந்து கடைக்காரன் "என்னவாம் முடிவு?" என்று கேட்டது அவன் காதில் விழுந்தது. அவளுடைய மறுமொழி விழவில்லை.

ஒரு தராசு பிழை என்று தெரிவதற்கு இன்னொரு தராசு வேண்டும். அந்தத் தராசாலேயே எதை நிறுத்தாலும் சாமான்தான் பிழையாகத் தெரியும். சிமியோன் ஹெட்செட்டைச் சோதித்தான், ஓட்டையைச் சோதித்தான், காட்டைச் சோதித்தான். எல்லாவற்றையும் அவன் சோதித்தது ஒரே காதுகளால். இதை அவனுடைய மடமை என்று சொல்லிவிட முடியாது. உப்பு தின்கிற ஊரில் முதற் சந்தேகம் இரும்பின்மேல் விழுவது நியாயமே. அதோடு, முங்குகிறவர்களுக்குக் காதடைப்பு ஒரு நோயே அல்ல. ஐப்பசியில் கடைசியாக இறங்கிய நாளன்று அவனுக்குத் தடிமனும் மூக்கடைப்பும் இருந்தன. கீழே போகும்போது வலக்காதில் ஊசி குத்தியது. மேலே வந்து இரண்டு மணித்தியாலம் படகு சுற்றுவதுபோல் தலை சுற்றியது. உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டான். நாளடைவில் சுற்று நின்றது, அடைப்பு நிற்கவில்லை. அடைப்போடு இருக்கப் பழகினான். ரெலிபோனை எப்போதும் இடக்காதில்தான் வைப்பவன் என்பதால் வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. கலியாண வீடியோக்களில் ஒரே சத்தம்தான் இரண்டு பக்கமும் வரும். அவை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. கடை மேசையின் இரண்டு ஸ்பீக்கர்களையும் இடக்காதே கேட்டுவிட்டது.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் சுருக்கமாகச் சொன்னார். உள்காது நரம்பு போய்விட்டது. அந்த நாட்களிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். இனி முங்கக் கூடாது. முங்கினால் மற்றக் காதும் போகலாம், ஆழத்தில் தலை சுற்றினால் ஆளும் போகலாம்.

றெஜினாவிடம் சொல்ல அவன் மூன்று நாள் எடுத்தான். சொன்னபோது அவள் மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இனிக் கடலுக்குப் போகேலாது."

"ஏலாது."

அவள் முகத்தில் ஓடிய ஆறுதலை அவன் கண்டான். அதற்காக அவள்மேல் கோபிக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவனும் அவளிடத்தில் இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பான். அந்த ஆறுதல் முழுமையாக நிற்கவும் இல்லை. அவள் உடனே கேட்டாள்.

"ரீச்சருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சொல்லுவியளோ?"

"ஒரு காதோடை பாட்டுப் பாக்கிறன் எண்டு ஆருக்குச் சொல்லுறது? நாளைக்கே ரவுணுக்குத் தூக்கிக்கொண்டு போயிடுவா."

அந்தக் கிழமையில் படகுக்காரச் சம்மாட்டி அருட்பிரகாசம் வந்தார். வாசலில் நின்றே கதைத்தார்.

"டேய் சிமி, அட்டை பிடிக்கிற பாஸ் வந்திட்டுது. உயிர்ப்பு முடிய இறங்கிறம். உன்ரை சிலிண்டரை ஆருக்கும் குடுக்காமல் வைச்சிருக்கிறன்."

"காது சரியில்லை அண்ணை. டொக்டர் மறிச்சுப்போட்டார்."

"டொக்டர் ஆரைத்தான் மறிக்கேல்லை? எனக்கு ரெண்டு காதும் மந்தம், நான் தொழில் பாக்கேல்லையோ? அட்டை என்ன உன்னைக் கூப்பிட்டுக் கதைக்கப் போகுதோ, காது கேக்க?"

சிமியோன் சிரித்தான். உடனே மறுக்கவுமில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்குள் சொல்கிறேன் என்றான். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனதை அவன் இடக்காது பிடித்தது. பாட்டு வேலை கைவிட்டுப் போனால் அவன் அந்தச் சிலிண்டரைக் கட்டத்தான் போகிறான் என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும்.

வேலையை அவன் முதலில் கண்ணால் செய்து பார்த்தான். திரையில் இடத்துக்கும் வலத்துக்கும் இரண்டு பச்சைக் கம்பங்கள் ஏறி இறங்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தினான். றெஜினாவைக் கூப்பிட்டு ஹெட்செட்டைக் கொடுத்தான்.

"எப்பிடி?"

"பொம்பிளையள் கிட்ட நிக்கினம். ஆம்பிளையள் அடுத்த வளவிலை."

"கம்பம் சரியாத்தானே நிக்குது?"

"கம்பமோ பாடுறது?"

பிறகு எல்லாக் குரல்களையும் நடுவுக்குக் கொண்டுவந்தான். நடுவில் வைத்தால் இடக்காதிலேயே எல்லாம் கேட்டன. அப்போதுதான் தான் பதிந்த பாட்டில் பெண்கள் பாடுவதை அவன் முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டான். இரண்டாம் சரணத்தில் ஒருத்தி சுருதி விலகுவதும் கேட்டது. நாலு நாள் இருந்து எட்டுப் பாட்டையும் அப்படிச் செய்தான். குறைசொல்ல முடியாத, ஒடுங்கிய பாட்டுகள். ஒரு அறைக்குள் எல்லோரையும் நெருக்கிப் பூட்டியதுபோல இருந்தன என்பது அவனுக்கே தெரிந்தது.

பெரிய வியாழனுக்கு முதல்நாள் ரீச்சர் வீட்டுக்கே வந்தார். குடையை மடித்துக் கதவோரம் சாத்திவிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். றெஜினா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ரீச்சர் கண்ணைத் திறந்தார். "உதென்ன சிமியோன், எல்லாரையும் ஒரே வாங்கிலை இருத்திப்போட்டீர்? ஆண் பெண் எண்டு இல்லை, ஒருத்தற்றை மடியிலை ஒருத்தர்."

"புதுக் காட் ரீச்சர்..." என்று தொடங்கினான். காட்டின்மேல் பழியைப் போட இன்னும் ஒரு தடவை இடமிருந்தது. ரீச்சருக்குக் கொம்பியூட்டர் விசயம் தெரியாது, நம்பியிருப்பார். பிறகு எட்டுப் பாட்டையும் எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போயிருப்பார், அவனும் ஞாயிற்றுக்கிழமை அருட்பிரகாசத்துக்குப் பதில் சொல்லியிருப்பான்.

"காட்டிலை ஒண்டுமில்லை" என்றான். "எனக்கு வலக்காது போட்டுது. முங்கினதிலை. முதற்பாட்டிலை பொம்பிளையள் கத்தினதும் அதாலைதான். இதிலை எல்லாரையும் நடுவிலை வைச்சது நான் கேக்கிறதுக்காக. விலத்தி வைச்சால் பாதிப்பேர் எனக்கு இல்லை."

ரீச்சர் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினார். றெஜினாவைப் பார்த்தார். அவள் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பவிருந்து?"

"ஐப்பசி."

"ஐப்பசியிலையிருந்து பூசை முடிஞ்சு வாசலிலை உம்மடை வலப்பக்கத்திலை நிண்டு நான் சொன்னதெல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினீரே?"

"ஒண்டும் கேக்கேல்லை ரீச்சர்."

"பாவி" என்றார் ரீச்சர். சிரிக்கவில்லை. "இரண்டாஞ் சரணத்திலை சுருதி விலகுறது ஆரெண்டு தெரியுமோ?"

"இடமிருந்து மூண்டாவது ஆள். அந்த இடத்திலை பொம்பிளையளையே கொஞ்சம் குறைச்சுப்போட்டன். வெளியிலை தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுது. ஆனா மற்றவைக்குத் தெரியாது." அவர் மறுபடி ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டார். "முதலிலையிருந்து போடும். பொம்பிளையளைக் கொஞ்சம் அங்காலை விலத்தும் பாப்பம்."

சிமியோன் மவுசைப் பிடித்து நகர்த்தினான்.

"இன்னும்."

நகர்த்தினான். பெண்களின் குரல் அவனை விட்டு மெல்ல விலகிப்போனது.

"இன்னும் கொஞ்சம். ஐயோ, கூடிப்போச்சு, கிட்டக் கொண்டுவாரும். ஆ... காணும். அதிலை நிப்பாட்டும்."

பெண்கள் வலத்துக்கு விலகிய அளவு திரையில் முப்பத்தைந்து என்று நின்றது. அவன் அந்த எண்ணை மகளின் பழைய கொப்பியில் எழுதினான்.

"தேத்தண்ணியை வை பிள்ளை, ஆறப்போகுது" என்றார் ரீச்சர் றெஜினாவிடம். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே, "அடுத்த பாட்டு" என்றார்.